அமோனியா சிலிண்டர் முதல் பிளீச்சிங் பவுடர் வரை: ராமநாதபுரம் கரையோரத்தில் அபாயச் சரக்கு ஏற்றும் புதியவர்களுக்கு

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கே நாள் இருந்தது. பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு ஆறு அமோனியா சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு என் மினி லாரி போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் என் மச்சான். உச்சிப்புளி தாண்டியதும் சோதனைக்கு நிறுத்தினார்கள்.

“என்னப்பா ஏத்திருக்க?”

“சிலிண்டர் சார்.”

“என்ன சிலிண்டர்?”

“ஐஸ் கம்பெனிக்குப் போறது சார்.”

மச்சானுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே இருப்பது அமோனியா, அது கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் பிடிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வண்டியில் லேபிள் இல்லை, கசிந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கார்டு இல்லை, அவருடைய லைசென்ஸில் அபாயச் சரக்குக்கான பதிவும் இல்லை. வண்டி அங்கேயே நின்றது. வழக்கு, அபராதம், கைவிட்டுப் போன சீசன் வாடகை எல்லாம் சேர்ந்து அந்த மாதம் எங்களுக்கு இருண்டு போனது. அதன்பிறகு 26 நாள் அலைந்து எல்லாவற்றையும் சரி செய்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விதிகளைப் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கவிழ்ந்து டிரைவர் மயங்கிக் கிடந்தால், முதலில் ஓடி வருபவர் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரிய வேண்டும். லேபிள், பலகை, கார்டு, பயிற்சி எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன.

1. சரக்கின் சரியான பெயரையும் நம்பரையும் எழுதி வாங்குங்கள்

அபாயச் சரக்கு என்றதும் பெட்ரோல் டேங்கர்தான் பலருக்கு நினைவு வரும். நம் கரையில் அன்றாடம் ஓடும் சரக்கில் பாதி இந்தப் பட்டியலில் வந்துவிடும். உலகம் முழுக்க ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிபொருள் 1, வாயுக்கள் 2, தீப்பற்றும் திரவம் 3, தீப்பற்றும் திடப்பொருள் 4, ஆக்சிஜனைக் கொடுத்து எரிய வைப்பவை 5, நஞ்சு 6, கதிரியக்கப் பொருள் 7, அரிக்கும் பொருள் 8, மற்றவை 9. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு யூஎன் (ஐ.நா.) நம்பர் உண்டு.

நம் பக்கம் அடிக்கடி வருபவை இவை. ஐஸ் கம்பெனி அமோனியா 1005. சமையல் காஸ் 1075. பெட்ரோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223. படகு வெல்டிங்குக்குப் போகும் ஆக்சிஜன் 1072, டிஏ காஸ் எனப்படும் அசிட்டிலீன் 1001. சுத்தம் செய்யப் பயன்படும் ஆசிட்டில் ஹைட்ரோகுளோரிக் என்றால் 1789, சல்ஃபியூரிக் என்றால் 1830.

பலர் எதிர்பார்க்காத இரண்டு சரக்குகளையும் சொல்ல வேண்டும். இறால் பண்ணைக்குப் போகும் பிளீச்சிங் பவுடர் 5ஆம் வகுப்பு. அது தானாக எரியாது, ஆனால் டீசலோ கிரீஸோ பட்ட சாக்கோடு சேர்ந்தால் தீயைக் கிளப்பும். சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி மற்றொன்று. யூஎன் நம்பர் 1361, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் வகை. மூட்டம் பிரித்த மறுநாளே மூட்டை கட்டி ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளியே குளிர்ந்தது போல இருந்தாலும் மூட்டைக்குள் கனன்றுகொண்டிருக்கும். ஓடும் வண்டியில் காற்றுப் பட்டதும் புகையும்.

சரக்கு அனுப்புபவரிடம் பொருளின் பெயர், யூஎன் நம்பர், வகுப்பு மூன்றையும் இன்வாய்ஸிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 131ஆம் விதி அவருக்கு இட்டிருக்கும் கடமை இது. “கெமிக்கல்”, “காஸ்”, “கம்பெனி சாமான்” என்று மட்டும் எழுதிய சீட்டை வாங்காதீர்கள். எங்களுக்குச் சரக்குக் கொடுத்த டீலர் அப்படித்தான் எழுதியிருந்தார். சோதனையில் அது எங்கள் பக்கம் ஒரு துளியும் உதவவில்லை.

2. சிறிய அளவுக்கு விலக்கு எதுவரை?

பெட்ரோலியச் சட்டத்தின் தனிக் கணக்கில் ஏ வகுப்பில் வரும் பெட்ரோல் போன்றவற்றை, விற்பனைக்கு இல்லையென்றால், 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், கொண்டு போகலாம். ஆனால் பாத்திரத்துக்கும் விதி உண்டு. நன்றாக மூடிய உலோகக் கேன், ஒன்று 25 லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். கண்ணாடி என்றால் 1 லிட்டர். வல்லத்து (நாட்டுப் படகு) மோட்டாருக்குப் பழைய பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். விதிப்படியும் அது தவறு, வெயிலில் உப்பிய கேன் வாய் திறப்பதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன், வேண்டாம்.

டீசலும் மண்ணெண்ணெயும் பி வகுப்பு. மொத்தம் 2,500 லிட்டருக்குள், ஒரு கலமும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளாததாக இருந்தால் பெட்ரோலிய லைசென்ஸ் தேவையில்லை.

சமையல் காஸ் 100 கிலோ வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ, அத்தோடு நிறுத்துங்கள். அமோனியா போன்ற நச்சு வாயு ஐந்து சிலிண்டர் வரைதான். அதற்கு மேல் கையிருப்பு வைக்கிற ஐஸ் கம்பெனிக்குப் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) லைசென்ஸ் வேண்டும். இறக்கப் போகும் இடத்தில் அந்த லைசென்ஸ் இருக்கிறதா என்று முதல் லோடுக்கு முன்பே கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்ட பிறகு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எந்த வாயுச் சிலிண்டரையும் சைக்கிளிலோ இருசக்கர வண்டியிலோ கொண்டு போகக் கூடாது. மொபெட்டில் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டுப் போவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது, ஆனாலும் 2016ஆம் ஆண்டின் காஸ் சிலிண்டர் விதிகளில் இதற்கு நேரடித் தடை இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. மேலே சொன்ன விலக்கெல்லாம் பெட்ரோலிய, சிலிண்டர் லைசென்ஸுக்கு மட்டும்தான். டிரைவருக்கும் வண்டிக்கும் உள்ள மோட்டார் வாகன விதிகள் தனி. “அஞ்சு சிலிண்டர்தானே” என்று நினைத்துக்கொண்டு லேபிள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

3. டிரைவர் லைசென்ஸில் தனிப் பதிவு

நான் அதிகம் அலைந்தது இதற்குத்தான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அபாயச் சரக்கு ஓட்டுபவருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதிப்படி மூன்று தகுதிகள் வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்டும் லைசென்ஸ், ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ். இவற்றைக் காட்டினால் லைசென்ஸில் அபாயப் பொருள் ஓட்டலாம் என்று பதிவு செய்து தருவார்கள். டிரைவர்கள் பேச்சில் இது “ஹசார்டஸ் லைசென்ஸ்”.

ஆங்கிலம் என்றதும் மச்சான் தளர்ந்துவிட்டார். எட்டாவதோடு நின்றவர். பத்தாவது படிக்கிற அவர் மகள்தான் தினமும் ராத்திரி உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பெரிய இலக்கணமெல்லாம் தேவையில்லை. கார்டில் வரும் நெருப்பு, நஞ்சு, காற்று, கண், தண்ணீர் போன்ற முப்பது நாற்பது சொற்களை ஆங்கிலத்தில் அடையாளம் கண்டு எழுத வந்தால் பயம் போய்விடும். உங்கள் டிரைவருக்கும் இதே தயக்கம் இருந்தால் பயிற்சிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பயிற்சிக்கு நாங்கள் மதுரை போனோம். மூன்று நாளும் நேரில் உட்கார வேண்டும். “வர வேண்டாம், பணம் மட்டும் கட்டுங்க, சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்” என்று ஒரு புரோக்கர் எங்களிடம் பேசினார். அதில் விழாதீர்கள். அந்தச் சான்றிதழ் செல்லாது என்பது ஒரு பக்கம். ஓட்டப் போகிறவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்பதுதான் பெரிய இழப்பு. மூன்றாம் நாள் முடிந்து வந்த மச்சான் என்னிடம் முதலில் சொன்னது, “இத்தனை வருஷம் தெரியாமலே ஓட்டியிருக்கேன்” என்பதுதான்.

சேருவதற்கு முன் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள். நாங்கள் முதலில் பணம் கட்டப் போன இடத்தின் அங்கீகாரம் காலாவதியாகியிருந்தது. நல்ல வேளையாக ஒரு டிரைவர் அண்ணன் எச்சரித்தார்.

சான்றிதழ் வந்ததும் பரிவஹன் தளத்தில் சாரதி பகுதிக்குப் போய், அபாயப் பொருள் ஓட்டுவதற்கான பதிவு சேர்க்கும் சேவையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள். பழைய லைசென்ஸ், சான்றிதழ், முகவரிச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போக வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர் எழுத்துகளும் லைசென்ஸில் உள்ள எழுத்துகளும் அப்படியே ஒத்துப்போகிறதா என்று பயிற்சி மையத்திலேயே பாருங்கள். மச்சானுக்கு இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருந்ததால் மறுபடி மதுரை போய்த் திருத்தி வர ஐந்து நாள் போனது.

2019 திருத்தத்துக்குப் பின் இந்தப் பதிவு மூன்று வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி உண்டு. முடியும் தேதியை வண்டியின் எஃப்சி (தகுதிச் சான்று) தேதியோடு சேர்த்து எழுதி ஒட்டிவையுங்கள்.

லாரி ஸ்டாண்டில் ஒரு பேச்சு உலவுகிறது. “சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, சின்ன வண்டிக்குத் தனிப் பதிவு வேண்டாம்” என்பார்கள். 2024 நவம்பர் தீர்ப்பு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைச் சாதாரண இலகு வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்றது உண்மை. ஆனால் அபாயச் சரக்குக்கான தனித் தகுதியை அது தொடவில்லை. அந்தப் பேச்சை நம்பி வண்டி எடுக்காதீர்கள்.

பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஒரு வருடம் வரை சிறைக்கும் இடமுண்டு. அடுத்த முறை 20,000, மூன்று வருடம் வரை.

4. வண்டி

ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி, தேவைப்பட்டால் பெர்மிட் எல்லாம் வழக்கம்போல. எட்டு வயதுக்குட்பட்ட வண்டிக்கு எஃப்சி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடாவருடம்.

கூடுதலாக வேண்டியது சைலன்சரில் தீப்பொறி அடக்கி. 129ஏ விதிப்படி இது கட்டாயம். மெக்கானிக்குகள் “ஸ்பார்க் அரெஸ்டர்” என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டி, 2023 ஜனவரிக்குப் பின் தயாரானது என்றால் இடம் காட்டும் கருவியும் வேண்டும்.

இன்சூரன்ஸில் மட்டும் நின்று பாருங்கள். பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் “பொதுச் சரக்கு” என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். விபத்து நடந்த பிறகு அந்த இரண்டு சொல்லைக் காட்டித்தான் இழப்பீட்டை மறுப்பார்கள். என்ன சரக்கு ஏற்றுவீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, பாலிசியில் அது ஏறியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அபாயப் பொருளால் வெளியாளுக்கு நேரும் பாதிப்புக்கு 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. வண்டியில் கொண்டு போவதும் அதன் கணக்கில் “கையாளுதல்”தான். அந்தப் பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று சரக்கு அனுப்புபவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் வண்டியில் சங்கிலி, கொக்கி, தளத்தகடு எல்லாம் உள்நாட்டு வண்டியைவிட வேகமாகத் துருவேறும். மாதம் ஒரு முறை சங்கிலிக் கண்ணியைக் கையால் இழுத்துப் பாருங்கள். தளத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி, கிழிந்த தகடு எதுவும் இருக்கக் கூடாது.

5. லேபிளும் பலகையும்

வகுப்பு லேபிள் என்பது முனையில் நிற்கும் சதுரம். நச்சு வாயுவுக்கு வெள்ளைப் பின்னணியில் மண்டையோடு. தீப்பற்றும் திரவத்துக்குச் சிவப்பில் தீச்சுடர். 5ஆம் வகுப்புக்கு மஞ்சளில் வட்டத்தின் மேல் தீச்சுடர். அரிக்கும் பொருளுக்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு.

இதோடு 134ஆம் விதி சொல்லும் அவசரத் தகவல் பலகை வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும், ஆக மூன்று இடத்தில் வேண்டும். பொருளின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், யூஎன் நம்பர் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத எண்ணில், 250 மில்லிமீட்டர் சதுர லேபிள், அவசர உதவிக்கான பெயரும் போன் நம்பரும், அனுப்புபவரின் பெயரும் நம்பரும். பெயின்டரிடம் இந்த அளவை எழுதியே கொடுங்கள். எங்கள் பெயின்டர் அழகுக்காக எழுத்தைச் சிறிதாக்கிப் பூ வேலை செய்துவிட்டார், மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஒரே வண்டியில் இன்று அமோனியா, நாளை காலிப் பெட்டி என்று ஓட்டுபவர்கள், பலகையைச் சட்டத்தில் சொருகிக் கழற்றும்படி செய்துகொள்ளுங்கள். மீன் ஏற்றிய வண்டியில் அமோனியா பலகை தொங்கினால், விபத்தின்போது தீயணைப்புக்காரர்கள் இல்லாத வாயுவைத் தேடி நேரத்தை இழப்பார்கள். ஆனால் காலிச் சிலிண்டரோடு திரும்பும்போது பலகை இருக்க வேண்டும். காலி என்று சொல்லும் சிலிண்டரில் எப்போதும் கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும்.

6. கேபினில் இருக்க வேண்டிய கோப்பு

ட்ரெம் கார்டு என்பது அந்தப் பொருள் கசிந்தால், தீப்பிடித்தால், உடம்பில் பட்டால் என்ன செய்வது என்று எழுதிய ஒற்றைத் தாள். அனுப்புபவர் கொடுக்க வேண்டும், 133ஆம் விதிப்படி டிரைவர் தன் கேபினில் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் போதாது என்று நான் நினைக்கிறேன். நாங்கள் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்து, இருக்கைக்கு அடியில் போடாமல் முன் கண்ணாடிப் பக்கம் சொருகியிருக்கிறோம். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கார்டு, டிரைவர் மயங்கிய நேரத்தில் யாருக்குப் பயன்படும்?

அதோடு இன்வாய்ஸ், லைசென்ஸ், வண்டிப் புத்தகங்கள், பெசோ லைசென்ஸ் நகல். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில். அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். மதுரையில் இரவு லோடு ஆகாமல் மறுநாள் தள்ளிப்போனால் தேதியைப் பாருங்கள்.

7. ஏற்றும்போது

சிலிண்டர் வண்டியின் ஓரத்துக்கோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உருளாமல், சாயாமல் கட்ட வேண்டும். வால்வு மூடி இல்லாத சிலிண்டரை ஏற்றாதீர்கள், எத்தனை அவசரம் என்றாலும். சமையல் காஸும் அசிட்டிலீனும் நின்ற நிலையில்தான் போக வேண்டும். வண்டியின் மேலிருந்து உருட்டித் தள்ளி இறக்குவது, கீழே பழைய டயரைப் போட்டு அதன் மேல் விழவைப்பது இரண்டும் வேண்டாம். லோடுமேன்களுக்குக் கூடுதலாக இருநூறு ரூபாய் கொடுத்து மெதுவாக இறக்கச் சொல்லுங்கள்.

சிலிண்டரின் கழுத்தில் கடைசியாகச் சோதித்த தேதி அடித்திருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு கடந்திருந்தாலும், அடிப்பாகம் துரு தின்றிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். நிறத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆக்சிஜன் கறுப்பு, அசிட்டிலீன் மெரூன். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடுகிறது. எழுத்தைப் படியுங்கள்.

எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதில்தான் நம் பக்கம் தவறு அதிகம் நடக்கிறது. அமோனியாவோடு மீன் பெட்டி, அரிசி மூட்டை, எந்த உணவுப் பொருளும் கூடாது. “போற வழிதானே, ரெண்டு பெட்டி நண்டு போட்டுக்கங்க” என்பார்கள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு டீசல் கேனும், கிரீஸ் டப்பாவும், எண்ணெய்த் துணியும் கூடாது. எண்ணெய்க் கையால் ஆக்சிஜன் வால்வைத் திறக்கவும் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு டீசலோ ஆசிட்டோ கூடாது. ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். படகுக்காரர் ஒரே சீட்டில் மூன்றையும் எழுதிக் கொடுப்பார். இரண்டு நடையாகப் போங்கள்.

பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். கரைக்குப் போகிற தெரிந்தவர் கை காட்டும்போது மறுப்பது கஷ்டம்தான். இந்த லோடு உள்ள நாளில் டிரைவரும் பயிற்சி பெற்ற உதவியாளரும் மட்டும்.

8. நேரமும் வழியும்

ஆவண வேலைகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். அப்போது ஐஸ் கம்பெனிகள் பராமரிப்பில் இருக்கும், லோடு குறைவு. ஜூன் முதல் வாரம் எல்லாரும் ஒரே நேரத்தில் அமோனியா கேட்பார்கள். நான் அந்த அவசரத்தில்தான் மாட்டினேன்.

பகலில் உச்சி வெயிலைத் தவிருங்கள். விடியற்காலை நல்லது. தார்ப்பாய் போட்டு நிழல் கொடுங்கள், ஆனால் பலகையை மூடிவிடாதீர்கள். சாப்பிட நிறுத்தும்போது வண்டியைக் கரி மூட்டத்துக்கும் டீக்கடை அடுப்புக்கும் பக்கத்தில் விடாதீர்கள். டிரைவரோ, 18 வயது கடந்த விவரம் தெரிந்த ஒருவரோ வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். சுற்றுலா வண்டிகள் நடுப்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே கசிந்தால் ஓட இரண்டே திசைதான், கீழே கடல். ஏறுவதற்கு முன் மண்டபம் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி சங்கிலி, வால்வு, டயர் பார்த்துவிட்டு, பிறகு நடுவில் நிற்காமல் கடந்துவிடுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் போக வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களிலும் அதற்கு முந்தின நாளிலும் ராமேஸ்வரம் பக்கம் லோடே எடுக்காதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நச்சு வாயுவோடு நிற்பதை நினைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

9. என்ன செலவானது

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பயிற்சிக் கட்டணம் 2,500. பஸ், தங்கல், சாப்பாடு 2,700. லைசென்ஸ் பதிவு, நகல்கள் 600. தீப்பொறி அடக்கி 1,800. பலகைகள் 2,400. பாதுகாப்புச் சாமான்கள் 9,500. இன்சூரன்ஸில் கூடுதல் 1,900. மொத்தம் 21,400 ரூபாய். முன்பே செய்திருந்தால் இவ்வளவுதான். நான் இதற்கு மேல் 10,000 அபராதமும் கட்டினேன்.

பாதுகாப்புச் சாமானில் கஞ்சத்தனம் வேண்டாம். அமோனியாவுக்கு முழு முகமூடியும், பச்சை நிறக் கே வகை வடிகட்டியும் வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் எதையும் தடுக்காது. வடிகட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு. ரப்பர் கையுறை, கண்ணாடி, உலர்ந்த பவுடர் தீயணைப்பான் இரண்டு, முதலுதவிப் பெட்டி, கண் கழுவ 20 லிட்டர் நல்ல தண்ணீர்.

10. கசிந்தால்

ஆகஸ்டில் ஒரு நாள், பெரியபட்டினம் போகும் வழியில் ஒரு வால்வில் கசிவு. அன்று நானும் வண்டியில் இருந்தேன். பதறிப்போய்க் கேனில் இருந்த தண்ணீரைச் சிலிண்டர் மேல் ஊற்றப் போனேன். பின்னால் வந்த ஐஸ் கம்பெனி ஆபரேட்டர் ஒருவர் ஓடிவந்து தடுத்தார். “தண்ணிய அது மேல ஊத்தாதீங்க தம்பி, இன்னும் கிளம்பும்.” அமோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும். நாம் ஊற்றும் தண்ணீர் அதற்குக் கொதிநீர் போல. ஒழுகிய திரவத்தின் மேல் பட்டால் வாயு இன்னும் வேகமாக எழும். காற்றில் பரவிய வாயுவைத் தண்ணீர்ச் சாரலால் அடக்கலாம், ஆனால் அது தீயணைப்புத் துறை செய்கிற வேலை.

அன்று கற்றுக்கொண்ட வரிசை இது. வண்டியை வீடுகளிலிருந்து தள்ளி நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். கச்சானா, கொண்டலா, வாடையா என்று காற்றைப் பார்த்து, காற்று வரும் பக்கமாக நகரவும். கரையோரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்று போகும் பக்கம் இருப்பவர்களை எழுப்பி விலக்கவும். பீடி, தீக்குச்சி கூடாது, காற்றில் 15 முதல் 28 சதவீதம் கலந்தால் அமோனியாவும் எரியும். முகமூடி போட்டவர் மட்டும், முடிந்தால் மட்டும், வால்வை இறுக்கவும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது விடாமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகவும். தேய்க்கக் கூடாது.

பக்கத்துக் காவல் நிலையத்துக்கு உடனே சொல்வது 136ஆம் விதிப்படி டிரைவரின் கடமை. பயந்துகொண்டு வண்டியை விட்டு ஓடிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளே இருக்காது. அழைக்க வேண்டிய எண்கள்: பொது அவசரம் 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, சமையல் காஸ் கசிவு 1906. போனில் முதலில் சொல்ல வேண்டியது பொருளின் பெயர், யூஎன் நம்பர், இடம். அப்புறம் மற்றதெல்லாம்.

பலகையில் எழுதியிருக்கும் அனுப்புபவரின் நம்பருக்கும் மாதம் ஒரு முறை நீங்களே போன் போட்டுப் பாருங்கள். அந்தக் கசிவு நாளில் நாங்கள் கூப்பிட்டபோது எடுத்தது ஒரு செல்போன் கடைக்காரர், நம்பர் கை மாறி ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுநாளே மூன்று பலகையிலும் புது நம்பரை எழுதி, அதைக் கூப்பிட்டு ஆள் எடுக்கிறாரா என்று சரிபார்த்த பிறகுதான் அடுத்த லோடு ஏற்றினோம்.